2024 மெட்டல் ஆல்பங்கள்: புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு ஒரு வரிசை

கனத்த கிட்டாரும் உரத்த டிரம்ஸும் கொண்ட ராக் இசைதான் மெட்டல். 2024-இல் வந்த மெட்டல் ஆல்பங்களில் எனக்கு முதலிடம் நியூசிலாந்துக் குழுவான அல்சரேட்டின் ஆல்பம். ஆனால் மெட்டல் பக்கமே இதுவரை வராத ஒருவருக்கு அதைப் போட்டுக் காட்டினால் மூன்றாவது நிமிடத்தில் காதைப் பொத்திக்கொள்வார், அவர் மேல் தப்பும் சொல்ல முடியாது. ஆண்டுக் கடைசியில் வருகிற 'தலைசிறந்த ஆல்பங்கள்' பட்டியல்களோடு எனக்கு இருக்கிற சண்டை இதுதான். அவற்றை எழுதுகிறவர்கள் பல வருடங்களாக இதையே கேட்டு ஊறிப்போனவர்கள், அதனால் உச்சியில் இருப்பது பெரும்பாலும் புதியவருக்கு ஆகக் கடினமான ஆல்பமாக இருக்கும். அவரும் ஆசையாக முதல் இடத்திலிருந்தே ஆரம்பித்து, 'இது நமக்கு ஒத்துவராது' என்று மூடிவைத்துவிடுவார்.

ஆகவே இங்கே தரவரிசை கிடையாது. எதை முதலில் கேட்டால் அடுத்தது பிடிபடும் என்ற வரிசைதான் இருக்கிறது. எல்லாம் 2024-இல் வந்தவை, எல்லாம் எனக்குப் பிடித்தவை, ஆனால் கடைசியில் வருவதுதான் மிகவும் பிடித்தது.

பழைய கிளாசிக் ஆல்பங்களிலிருந்து ஆரம்பிக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். எனக்கு என்னமோ ஒரே ஆண்டின் ஆல்பங்களை எடுத்துக்கொள்வது சுலபமாகப் படுகிறது. ஐம்பது வருடப் பழைய குழுவும் நேற்று வளர்ந்த குழுவும் ஒரே காலத்துப் பதிவு வசதிகளோடு நிற்பதால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இசையில்தான் இருக்கிறது, பதிவின் பழமையில் இல்லை என்று காதுக்கு உடனே தெரிந்துவிடும்.

அதோடு அந்த வருடம் ஜூலை 26 அன்று பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் பிரெஞ்சுக் குழு கோஜிரா, பழைய கான்சியெர்ஜரி கட்டடத்தின் ஜன்னல்களில் நின்று வாசித்ததைப் பார்த்துவிட்டு 'இது என்ன இசை?' என்று தேட ஆரம்பித்தவர்கள் நிறையப் பேர். நீங்களும் அவர்களில் ஒருவர் என்றால் ஒரு செய்தி: கோஜிரா 2024-இல் முழு ஆல்பம் எதுவும் போடவில்லை. அவர்களுடைய கடைசி ஆல்பம் அப்போதைக்கு 2021-இல் வந்த 'ஃபார்ட்டிட்யூட்' தான். அந்த விழாப் பாட்டுக்கு அடுத்த ஆண்டு கிராமி கிடைத்தது, அது தனிக் கதை.

கேட்பதற்கு முன்னால்

கைபேசியின் ஸ்பீக்கரில் மெட்டல் கேட்காதீர்கள். பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் காணாமல் போய்விடும், மிஞ்சுவது வெறும் இரைச்சல், அப்புறம் 'மெட்டல் என்றால் இரைச்சல்' என்று முடிவுகட்டிவிடுவீர்கள். சாதாரண ஹெட்ஃபோன் போதும். சத்தத்தைக் கூட்டவும் வேண்டாம். இந்த வகைப் பதிவுகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே இறுக்கி, அழுத்தி மாஸ்டர் செய்யப்பட்டவை (வெளியிடும் முன் கடைசியாகச் சத்தத்தைச் சரிசெய்வதுதான் மாஸ்டர்), மெல்லிய இடத்துக்கும் உரத்த இடத்துக்கும் இடைவெளி குறைவு என்பதால் காது சீக்கிரம் களைத்துப்போகும். கேட்டு முடித்த பிறகு காதில் 'ங்' என்று ரீங்காரம் இருந்தால் சத்தம் அதிகமாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அடுத்த முறை குறைத்துவிடுங்கள்.

பாட்டுகளை வரிசை மாற்றிப் போடுகிற ஷஃபிளை அணைத்துவிடுங்கள். கீழே வரும் ஆல்பங்களில் சில, முதலிலிருந்து கடைசிவரை ஒரே கதை. டீலக்ஸ் பதிப்பு கண்ணில் பட்டால் சாதாரணப் பதிப்பைத் தேடிப் போங்கள், கூடுதல் பாட்டுகள் பெரும்பாலும் ஆல்பத்தின் முடிவைக் கெடுக்கத்தான் செய்யும்.

பாடல் வரிகளைப் பக்கத்தில் திறந்து வையுங்கள். இதை எல்லோரும் சொல்வார்கள், யாரும் செய்ய மாட்டார்கள். நான்காம் படியில் இது இல்லாமல் முடியாது.

படி 1: பாட்டாகவே கேட்கக்கூடியது

ஜூடாஸ் பிரீஸ்ட், 'இன்வின்சிபிள் ஷீல்ட்'. மார்ச் 8 அன்று வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1969-இல் ஆரம்பித்த குழு, முதல் ஆல்பம் 1974-இல் வந்தது, அதாவது இது அவர்களுடைய ஐம்பதாவது வருட ஆல்பம். பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது 72 வயது. கிட்டார் வாசிக்கும் கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய். இன்னொரு கிட்டார் கலைஞர் ரிச்சி ஃபாக்னருக்கு 2021 செப்டம்பரில் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பெருந்தமனி கிழிந்து, அவசர அறுவை சிகிச்சையில் பிழைத்தார். இந்த விவரம் எல்லாம் தெரியாமல் கேட்டால் ஏதோ முப்பது வயதுக்காரர்களின் ஆல்பம் என்றுதான் நினைப்பீர்கள்.

முதல் பாட்டு 'பேனிக் அட்டாக்'. இதை வைத்து ஒரு விஷயத்தைப் பழகிக்கொள்ளுங்கள்: ரிஃப். கிட்டாரில் திரும்பத் திரும்ப வருகிற ஒரு சிறு தொடர்தான் ரிஃப், மெட்டல் பாட்டு அதன் மேல்தான் நிற்கிறது. சினிமாப் பாட்டில் காது முதலில் தேடுவது பாடகரின் மெட்டை. இங்கே அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். பாட்டு முடிந்ததும் மனசுக்குள் முணுமுணுக்க வருவது பாடிய வரியா, கிட்டார் தொடரா என்று கவனியுங்கள். கிட்டார் தொடர் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

பிரீஸ்ட் பிடித்திருந்தால் பக்கத்திலேயே இன்னும் இரண்டு உண்டு. சாக்ஸன் குழுவின் 'ஹெல், ஃபயர் அண்ட் டாம்னேஷன்' ஜனவரி 19-இல் வந்தது. 1066-ஆம் ஆண்டுப் போர், பிரெஞ்சுப் புரட்சியின் கில்லட்டின், குப்ளா கான் என்று வரலாற்றுப் பாடப் புத்தகத்தைப் புரட்டுவது மாதிரி ஒரு ஆல்பம், ஆழமில்லை ஆனால் ஜாலி. அயர்ன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சனின் 'தி மாண்ட்ரேக் புராஜெக்ட்' மார்ச் 1-இல் வந்தது, 2005-க்குப் பிறகு அவருடைய முதல் தனி ஆல்பம். அதில் கடைசிப் பாட்டான 'சொனாட்டா' கிட்டத்தட்ட பத்து நிமிடம். பாதி பேருக்குப் பிடிக்காது, எனக்குப் பிடிக்கும்.

படி 2: மெதுவாக

மெட்டல் என்றாலே வேகம் என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம். அதனால் வேகத்துக்குப் போவதற்கு முன்னால் டூம் என்கிற கிளைக்கு ஒரு சுற்றுப் போய்விட்டு வருவது நல்லது. கிட்டாரின் சுருதியைத் தாழ்த்தி, ஒவ்வொரு ஸ்வரக்கட்டையும் நீளமாக ஒலிக்கவிட்டு, அடுத்த அடி விழும்வரை காக்க வைப்பார்கள்.

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்துக் குழுவான பால்பேரரின் 'மைண்ட் பர்ன்ஸ் அலைவ்' இதற்குச் சரி. ஆறே பாட்டுகள், தெளிவான குரல், கத்தல் கிடையாது. 'எண்ட்லெஸ் பிளேஸ்' என்ற பாட்டின் நடுவில் ஒரு சாக்ஸஃபோன் வந்து நிற்கும். இதை இரவில் வேறு வேலை எதுவும் இல்லாதபோது கேளுங்கள். வேலை செய்துகொண்டே கேட்டால் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும், ஏனென்றால் இதில் நடப்பதெல்லாம் நிறுத்தங்களில் நடக்கிறது.

போர் அடித்தால் விட்டுவிடலாம். டூம் எல்லோருக்கும் பிடித்தாக வேண்டும் என்று சட்டமில்லை.

படி 3: வேகமும் கரகரப்பும்

இப்போது வேகம். கெர்ரி கிங்கின் 'ஃப்ரம் ஹெல் ஐ ரைஸ்', மே 17. ஸ்லேயர் குழு 2019 நவம்பரில் விடைபெற்ற பிறகு (2024-இல் மேடைக்குத் திரும்பிவிட்டார்கள், மெட்டலில் ஓய்வு என்பது அப்படித்தான்) அதன் கிட்டார் கலைஞர் தன் பெயரில் போட்ட முதல் ஆல்பம். பாடுவது டெத் ஏஞ்சல் குழுவின் மார்க் ஓசெகெடா, டிரம்ஸ் ஸ்லேயரிலேயே வாசித்த பால் போஸ்டாஃப். புதுமை எதுவும் இருக்காது, எதிர்பார்க்கவும் வேண்டாம். த்ராஷ் என்கிற வேகமான கிளை எப்படி இருக்கும் என்று சுத்தமாகக் காட்டும். கிட்டார் கம்பியை வலது உள்ளங்கையால் லேசாக அமுக்கிக்கொண்டு வேகமாக அடிக்கும்போது வருகிற அந்தத் 'தகதகதக' சத்தம்தான் த்ராஷின் முதுகெலும்பு. குரலில் பாட்டும் கத்தலும் பாதிப்பாதி, வரிகள் புரியும்.

வரிகள் மதத்தைத் திட்டுகிற வகை. அது உறுத்தும் என்றால் இதைத் தாண்டி அடுத்ததுக்குப் போய்விடுங்கள், எதையும் இழந்துவிட மாட்டீர்கள்.

அடுத்தது ஹை ஆன் ஃபயரின் 'கமெத் தி ஸ்டார்ம்', ஏப்ரல் 19. இது கெர்ரி கிங் ஆல்பத்தைவிட எவ்வளவோ மேல் என்பது என் கட்சி. மாட் பைக் என்பவர் தொண்டையைக் கல்லில் உரசினது போன்ற குரலில் பாடுவார், மூன்றே பேர் சேர்ந்து ஆறு பேர் வாசிப்பது போலக் கேட்கும். புது டிரம்மர் கோடி வில்லிஸ் வந்த பிறகு முதல் ஆல்பம். நடுவில் 'கரன்லிக் யோல்' என்று துருக்கிப் பெயர் வைத்த, பாட்டு இல்லாத ஒரு சிறு இசைத் துண்டு வருகிறது, பேஸ் வாசிக்கும் ஜெஃப் மாட்ஸுக்குத் துருக்கி நாட்டுப்புற இசையில் இருக்கிற பைத்தியம் அதில் தெரியும். அதைத் தாண்டாமல் கேளுங்கள், அதற்குப் பிறகு வரும் பாட்டுகள் அதனாலேயே இன்னும் கனமாக விழும்.

படி 4: குரௌல் என்கிற சுவர்

பெரும்பாலானவர்கள் திரும்பிப் போவது இந்த இடத்தில்தான். 'கிட்டார் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏன் இப்படி உறுமுகிறான்?' என்ற கேள்வி என் காதில் விழாத நாளில்லை.

அந்த உறுமல் குரலுக்குப் பெயர்தான் குரௌல். முதலில் அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வெறுப்பு குறையும். தொண்டையில் நம் குரல் நாண்களுக்குச் சற்று மேலே பொய்க் குரல் நாண்கள் என்று ஒரு ஜோடி மடிப்பு இருக்கிறது. சாதாரணமாகப் பேசும்போது அவற்றுக்குப் பெரிய வேலை இல்லை. குரௌல் செய்கிறவர்கள் அவற்றையும் சேர்த்து அதிரவைக்கிறார்கள். மூச்சை அடிவயிற்றிலிருந்து கட்டுப்படுத்திக் கொடுக்க வேண்டும், கண்டபடி கத்தினால் தொண்டை போய்விடும், ஆனால் சரியாகப் பழகியவர்கள் இரவு முழுக்கச் செய்துவிட்டு மறுநாள் இன்னொரு ஊரில் மேடையேறுகிறார்கள். ஆக இது கோபத்தில் போடுகிற கூச்சல் இல்லை, பயிற்சி. இரண்டாவது, குரௌலில் மெட்டைத் தேடாதீர்கள். அதைத் தாளக்கருவியாகக் கேளுங்கள், எந்த எழுத்து எந்த அடியில் விழுகிறது என்று பாருங்கள். வரிகளைத் திறந்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான், கண்ணால் படித்துக்கொண்டே கேட்டால் இரண்டு மூன்று பாட்டுக்குள் காது தானாக வார்த்தைகளைப் பிரிக்க ஆரம்பித்துவிடும்.

இந்தச் சுவரைத் தாண்ட 2024-இல் ஒரு அருமையான ஏணி கிடைத்தது: ஸ்வீடன் குழுவான ஓபெத்தின் 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்', நவம்பர் 22. பாடகர் மிகேல் ஓக்கர்ஃபெல்ட் 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்' ஆல்பத்துக்குப் பிறகு குரௌலை விட்டுவிட்டு, தெளிவான குரலில் மட்டுமே பாடி வந்தார். பழைய ரசிகர்கள் பதினாறு வருடம் புலம்பித் தீர்த்தார்கள். இந்த ஆல்பத்தில் அது திரும்பி வந்தது, அதுவும் காரணத்தோடு வந்தது.

கதை இதுதான். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலம். பணக்காரக் குடும்பத்தின் தலைவர் இறந்துவிட்டார், மூன்று பிள்ளைகளும் உயில் படிப்பதைக் கேட்கக் கூடியிருக்கிறார்கள். இரட்டைக் குழந்தைகள் இருவர், அந்த வீட்டில் வளர்ந்த, போலியோவால் பாதிக்கப்பட்ட பெண் ஒருத்தி. யாருக்குச் சொத்து, யார் உண்மையில் யாருடைய பிள்ளை என்று உயிலின் ஒவ்வொரு பத்தியிலும் ஒரு குண்டு வெடிக்கும். அதனால் முதல் ஏழு பாட்டுகளுக்குத் தலைப்பே கிடையாது, சட்டப் பத்திரத்தில் வருகிற பத்திக் குறியும் எண்ணும்தான். எட்டாவது பாட்டான 'எ ஸ்டோரி நெவர் டோல்ட்'-க்கு மட்டும் பெயர் உண்டு, உயிலில் இல்லாத ஒரு விஷயம் அதில் வருகிறது. அது என்னவென்று நான் சொல்ல மாட்டேன்.

செத்துப்போன அந்தக் கிழவரின் அதிகாரம் உறுமலாக வரும், சட்டென்று மென்மையான குரல் வரும், நடுவில் ஒருவர் ஆங்கில நாடக நடிகர் மாதிரி நிதானமாகப் படிப்பார். அது ஜெத்ரோ டல் என்ற பழைய பிரிட்டிஷ் ராக் குழுவின் இயன் ஆண்டர்சன், அவரே நான்காம் பத்தியில் புல்லாங்குழலும் ஊதுகிறார். குரல்கள் இப்படி மாறி மாறி வருவதால் உறுமல் எதற்கு என்ற கேள்வியே எழாது. நான்கைந்து முறை கேட்க வேண்டிய ஆல்பம். முதல் முறை வரிகளை மட்டும் படியுங்கள், இசை பின்னணியில் ஓடட்டும், இரண்டாம் முறை வரிகளை மூடிவிடுங்கள்.

குறை ஒன்று உண்டு. ரிஃப்களை ஓட விடாமல் ஓக்கர்ஃபெல்ட் அடிக்கடி வெட்டுகிறார். நன்றாக இருக்கிறதே என்று தலையாட்ட ஆரம்பிக்கும்போது வேறு இடத்துக்குப் போயிருப்பார்.

ஓபெத் வேண்டாம், கதையெல்லாம் பொறுமையில்லை, சட்டென்று ஒரு அறை விழுந்தால் போதும் என்கிறவர்களுக்குக் குறுக்கு வழி உண்டு. அமெரிக்காவின் கென்டக்கிக் குழு நாக்ட் லூஸின் 'யூ வோன்ட் கோ பிஃபோர் யூ ஆர் சப்போஸ்ட் டு'. மே 10-இல் வந்தது, மொத்தமே 27 நிமிடம். பாப்பி என்ற பாடகியோடு சேர்ந்து செய்த 'சஃபகேட்' கிராமிப் பரிந்துரை வரை போனது, அதன் நடுவில் திடீரென்று ரெகேடோன் என்கிற லத்தீன் நடனத் தாளம் எட்டிப் பார்க்கும். இது மெட்டலா, பங்க் ராக்கிலிருந்து வந்த ஹார்ட்கோரா என்று யாராவது வகுப்பெடுக்க வந்தால் எழுந்து போய்விடுங்கள்.

படி 5: வேகத்துக்குள் மெதுவைக் கேட்பது

பிளாக் மெட்டல். இங்கே உறுமலுக்குப் பதில் கீச்சென்ற அலறல், கிட்டாரில் ஒரே கம்பியை மேலும் கீழும் படுவேகமாக மீட்டுவது, டிரம்ஸில் பிளாஸ்ட் பீட். ஸ்னேர், கிக் என்கிற டிரம்களும் சிம்பல் என்கிற உலோகத் தட்டும் இடைவெளியே இல்லாமல் விழுகிற அந்த அடிக்குப் பெயர்தான் பிளாஸ்ட் பீட். புதிதாகக் கேட்கிறவர்கள் டிரம்ஸைப் பின்தொடர முயன்று மூச்சு வாங்கிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். டிரம்ஸை மழைச் சத்தம் மாதிரி பின்னால் விட்டுவிட்டு கிட்டார் எப்போது அடுத்த ஸ்வரத்துக்கு மாறுகிறது என்று மட்டும் கேளுங்கள். ஆச்சரியமாக இருக்கும், அது நிதானமாகத்தான் மாறிக்கொண்டிருக்கும், பல சமயம் சோகமான ஒரு மெட்டு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும்.

இதைப் பழக பிரான்ஸின் ஆல்செஸ்ட். 'லே ஷான் த லோரோர்', ஜூன் 21. நேஜ் என்ற பெயரில் இயங்கும் ஒருவரின் கற்பனை, வின்டர்ஹால்டர் டிரம்ஸ். பிளாக் மெட்டலின் கருவிகளை எடுத்துக்கொண்டு அதிலிருந்து இருட்டை மட்டும் கழித்துவிட்டார்கள். குரல் பெரும்பாலும் மென்மை, அங்கங்கே அலறல். 'லான்வோல்' பாட்டில் ஆரம்பியுங்கள். அது பிடித்த பிறகு, கனடாவின் மான்ட்ரியல் குழு ஸ்பெக்ட்ரல் வூண்டின் 'சாங்ஸ் ஆஃப் ப்ளட் அண்ட் மையர்', ஆகஸ்ட் 23. இதில் இனிப்பு தடவவில்லை, ஆனால் மெட்டுகள் அவ்வளவு தெளிவு, ஆல்செஸ்டில் பழகிய காது உடனே பிடித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. பிளாக் மெட்டலில் வெளிப்படையாக இனவெறி பேசும் குழுக்களும் இருக்கின்றன. ஸ்ட்ரீமிங் செயலி அடுத்ததாக எதையாவது தூக்கிப் போட்டால், பிடித்துப்போய் டி-ஷர்ட் வாங்குவதற்கு முன்னால் அந்தக் குழுவைப் பற்றி ஒரு நிமிடம் தேடிப் பாருங்கள்.

படி 6: இரண்டே பாட்டு

பிளட் இன்கன்டேஷன், 'ஆப்ஸல்யூட் எல்ஸ்வேர்', அக்டோபர் 4. அமெரிக்காவின் டென்வர் நகரத்து டெத் மெட்டல் குழு (உறுமலும் கனமும் கொண்ட கிளைதான் டெத் மெட்டல்). அந்த வருடப் பட்டியல்களில் திரும்பின பக்கமெல்லாம் இதுதான். மொத்தம் இரண்டு பாட்டு, 'தி ஸ்டார்கேட்', 'தி மெசேஜ்', ஒவ்வொன்றும் இருபது நிமிடத்தைத் தொடும் அல்லது தாண்டும், ஒவ்வொன்றும் மூன்று 'பலகை'களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பெர்லினின் ஹான்சா ஸ்டுடியோவில், 1977-இல் டேவிட் போவி 'ஹீரோஸ்' பதிவு செய்த அதே இடத்தில், தயாரிப்பாளர் ஆர்தர் ரிஸ்கோடு பதிவு செய்தார்கள். ஜெர்மனியின் டாஞ்சரீன் ட்ரீம் குழுவின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் சின்தசைசரில் வந்து கலந்துகொள்கிறார், 'ஸ்டார்கேட்'டின் இரண்டாம் பலகையில் விண்வெளியில் மிதப்பது போல வருவது அவர் கைவரிசை.

முதல் நாள் 'ஸ்டார்கேட்' மட்டும் கேளுங்கள். வரைபடம் ஒன்றை மனசில் வைத்துக்கொள்ளலாம்: உறுமலும் வேகமும் ஒரு நிலம், 70-களின் பிரிட்டிஷ் ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் வாசம் இன்னொரு நிலம், சின்தசைசர் மிதப்பு மூன்றாவது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும் இடத்தைக் கவனித்தாலே இருபது நிமிடம் ஓடிவிடும். மறுநாள் 'மெசேஜ்'. இந்தத் தாண்டல்களைப் பற்றித்தான் எனக்கு ஒரு மனக்குறை, சில இடங்களில் ஒட்டாமல் வெறுமனே சட்டென்று மாறுகிறது, ஊரே தலையில் வைத்துக் கொண்டாடினாலும் எனக்கு இரண்டாம் இடம்தான்.

படி 7: அல்சரேட்

'கட்டிங் தி த்ரோட் ஆஃப் காட்', ஜூன் 14. ஏழாவது ஆல்பம், ஏழு பாட்டுகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று பேர்: பேஸும் குரலும் பால் கெலாண்ட், கிட்டார் மைக்கேல் ஹோகார்ட், டிரம்ஸ் ஜேமி செயின்ட் மெராட்.

இதில் என்ன கஷ்டம் என்றால், கிட்டார் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று மோதும். காது ஒரு இடத்தில் இறங்கி நிற்கப் பார்க்கும், அந்த இடத்தை உருவிவிடுவார்கள். ரிஃப் என்று படி 1-இல் பழகியதெல்லாம் இங்கே முழுசாகக் கிடைக்காது, ஒரு ரிஃப் திரும்பி வரும்போது அதன் கால் அளவோ வால் பகுதியோ மாறியிருக்கும். டிரம்ஸ் பின்னணியில் இருக்காது. பல இடங்களில் கிட்டார் சும்மா நீட்டி ஒலித்துக்கொண்டிருக்க, நகர்வதெல்லாம் டிரம்ஸ்தான்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். 'தி டான் இஸ் ஹாலோ' என்ற இரண்டாவது பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள், முக்கியமாகச் சிம்பல்களை. இன்னொரு முறை கிட்டாரை மட்டும். குரலை வேண்டுமென்றே கண்டுகொள்ளாதீர்கள், அது தானாகப் பின்னால் வந்து சேரும். அப்புறம் ஒரு வாரம் விட்டுவிடுங்கள். திரும்ப வரும்போது போன முறை வெறும் குழப்பமாக இருந்த இடத்தில் ஒரு மெட்டு இருப்பது தெரியும், அது முழுக்கத் துயரமான மெட்டு. இந்தக் குழுவின் முந்தைய ஆல்பங்களோடு ஒப்பிட்டால் இதில் மெட்டு நிறைய, அதனால்தான் இதைத் தொடக்கக்காரர்களுக்கான வரிசையில் கடைசியிலாவது வைக்கத் துணிந்தேன். அந்த மெட்டு கேட்க ஆரம்பித்த பிறகு முழு ஆல்பத்தையும் ஒரே மூச்சில் கேளுங்கள். கேட்டும் பிடிக்கவில்லை என்றால் சரி, என்னோடு சண்டைக்கு வரலாம்.

படி 8: உங்கள் பட்டியல்

பத்து ஆல்பம் தேற வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. நான்கு தேறினால் நான்கு. நேரலைப் பதிவு, தொகுப்பு, பழைய பாட்டுகளைத் திரும்பப் பதிவு செய்தது இவற்றை நான் சேர்ப்பதில்லை. எது மேலே எது கீழே என்று குழம்பினால் ஒரே கேள்வி போதும்: யாரும் சொல்லாமல், எதையும் எழுதுவதற்காக இல்லாமல், நீங்களாகவே எடுத்து முதலிலிருந்து கடைசிவரை திரும்பக் கேட்டது எது? மதிக்கிற ஆல்பம் வேறு, கேட்கிற ஆல்பம் வேறு. பட்டியலில் மதிப்புக்காக எதையும் வைக்காதீர்கள்.

கேட்டவுடன் ஒரு வரி எழுதிவைக்கும் பழக்கம் உதவும். டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் பிப்ரவரியில் வந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. பட்டியலை ஜனவரி வரைக்கும் தள்ளிப் போடுங்கள், பத்திரிகைகளில் சில நவம்பர் கடைசியிலேயே போட்டுவிடுகின்றன. ஓபெத் வந்ததே நவம்பர் 22 எனும்போது அதை நாலு தடவை கேட்க அவர்களுக்கு நேரம் எங்கே?

எல்லாவற்றையும் கேட்டுவிட முடியாது என்பதையும் இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ஆல்பங்கள் பொதுவாக வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும். 2024 மே 17 என்ற ஒரே வெள்ளிக்கிழமையில் கெர்ரி கிங், பால்பேரர், கேட்கிரீப்பர் என்று மூன்று பேரின் ஆல்பங்கள் வந்தன, எனக்குத் தெரிந்தவை மட்டும்தான் இவை. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தேர்ந்தெடுத்து ஒழுங்காகக் கேளுங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எனக்கு ரொம்பப் பயன்படும் வழி, தயாரிப்பாளர் பெயரைப் பார்ப்பது. பிரீஸ்ட், சாக்ஸன் இரண்டிலும் ஆண்டி ஸ்னீப். ஹை ஆன் ஃபயர் ஆல்பமும் பதினெட்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிற நெய்ல்ஸ் குழுவின் 'எவ்ரி பிரிட்ஜ் பர்னிங்'கும் கர்ட் பலூ. ஒருவர் கை பட்ட சத்தம் பிடித்துவிட்டால் அவர் பெயரைப் பிடித்துக்கொண்டே போகலாம். யார் எந்தக் குழுவில் இருந்தார் என்று பார்க்க மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளம் உண்டு. பிடித்ததை முடிந்தால் குழுக்கள் நேரடியாக இசை விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் காசு கொடுத்து வாங்குங்கள், இந்தக் குழுக்களில் பலருக்கு ஸ்ட்ரீமிங்கில் வருவது டீச்செலவுக்குக் கூடக் காணாது.

அங்கிருந்து பின்னோக்கி

இந்த ஆல்பங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மூத்தது உண்டு. பிரீஸ்ட் பிடித்திருந்தால் அவர்களே 1990-இல் செய்த 'பெயின்கில்லர்'. பால்பேரருக்கு ஸ்வீடனின் கேண்டில்மாஸ் 1986-இல் போட்ட முதல் ஆல்பம். கெர்ரி கிங்குக்கு ஸ்லேயரின் 'ரெயின் இன் ப்ளட்', அதுவும் 1986, முழுசாக அரை மணி நேரம்கூட இல்லை. ஓபெத்துக்கு 'பிளாக்வாட்டர் பார்க்', 2001. பிளட் இன்கன்டேஷனுக்கு இரண்டு வேர்: டெத் மெட்டல் பக்கம் மார்பிட் ஏஞ்சலின் 1989 ஆல்பம் 'ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னெஸ்', மிதக்கிற பக்கம் டாஞ்சரீன் ட்ரீமின் 'ஃபீட்ரா', 1974. அல்சரேட்டுக்குக் கனடாவின் கோர்கட்ஸ் 1998-இல் செய்த 'அப்ஸ்க்யூரா'. அதைத் தொடும் முன் அல்சரேட் நன்றாகப் பழகியிருக்க வேண்டும், அது இன்னும் முரடு.